வீட்டுக்கு அனுப்பாத நோட்டீஸ்

நூலகத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவள், வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் இருக்கிறாள், நல்லதாக நாலு வார்த்தை எழுதுவாள் என்று நினைத்திருப்பார்கள். அலமாரியில் புத்தகம் அடுக்குவதையும் பட்டியல் போடுவதையும் பயிற்சியிலேயே உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதற்கு நான் வேண்டியதில்லை. நான் செய்த தப்பை எழுதுகிறேன். அது ஒன்றுகூட இல்லை, இரண்டு. முதல் தப்பைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதைச் செய்தேன். படித்து முடித்த பிறகு என்மேல் உங்களுக்கு மரியாதை குறைந்தால் நான் வருத்தப்பட மாட்டேன்.

தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பல வருடம் பொறுப்பில் இருந்தேன். பெரிய கட்டடமெல்லாம் இல்லை. ஒரு கூடம், ஒரு சின்ன அறை, ஆறு பெஞ்சு, ஓடினாலும் காற்று வராத இரண்டு மின்விசிறி. காற்றடிக்கும் மாதங்களில், சுரங்கக் கழிவு மண் மலைபோல் குவிந்த சைனைடு மேட்டிலிருந்து தூசி வந்து படியும். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். கதவு திறந்ததும் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள் செய்தித்தாளுக்கு வந்துவிடுவார்கள். சுரங்கம் மூடி எத்தனையோ வருடம் ஆகியும் தங்களை ‘டே ஷிப்ட்’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். பத்து மணிக்கு மேல் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். இத்தனைக்கும் ஆள் இரண்டே பேர், நானும் உதவியாளர் முனிராஜுவும்.

நான் கறாரானவள் என்று ஊருக்கே தெரியும். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. ஒரு பெண் சமையல் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அதைத் திருப்பித் தராமலே கல்யாணம் செய்துகொள்ளப் பார்த்தாள். பங்காருபேட்டையில் கல்யாணம். பத்திரிகை எனக்கும் வந்திருந்தது. மண்டபத்துக்குப் போய், மணப்பெண் அறைக்குள் நுழைந்து, பரிசுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, “புக் எங்கம்மா?” என்று கேட்டேன். அவள் தன் தம்பியை வண்டியில் துரத்தி எடுத்துவரச் சொன்னாள். புத்தகம் வந்த பிறகுதான் நான் பந்தியில் உட்கார்ந்தேன். இந்தக் கதையை ரொம்ப நாள் நானே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இனி ஜாமீன் விஷயத்தைச் சொல்ல வேண்டும். உறுப்பினராகச் சேர்வதற்கு, சொந்த வீட்டுக்கோ கடைக்கோ வரி கட்டுகிற ஒருவர் படிவத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகம் திரும்பி வராவிட்டால் அவரைக் கேட்போம். மற்ற ஊரில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் போட்டுவிடுவார். எங்கள் ஊரில் லைன் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகள் எல்லாம் சுரங்கக் கம்பெனி கட்டியவை. மூன்று தலைமுறையாக அதே வீட்டில் இருந்தாலும் வரி ரசீது ஒருவரிடமும் இருக்காது. அதனால் லைன் ஜனங்கள் பஜாரில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்களிடம் போய் நிற்பார்கள். எங்கள் படிவங்களில் முக்கால்வாசிக்கு ஒரே மளிகைக் கடை முதலாளியின் கையெழுத்துதான். நல்ல மனிதர். சாமான் வாங்க வருகிறவர் படிவத்தை நீட்டினால் தராசை நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

புத்தகம் தேதிக்குள் வராவிட்டால் முதல் இரண்டு நோட்டீஸ் உறுப்பினரின் வீட்டுக்குத் தபாலில் போகும். மூன்றாவது ஜாமீன்தாரருக்கு. அதில் உறுப்பினர் பெயர், புத்தகத்தின் பெயர், திருப்பியிருக்க வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். கீழே என் கையெழுத்து. இந்த மூன்றாவதை முனிராஜு கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான்.

விமலா சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். லைனில் வீடு. கணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர், விடியற்காலை ரயிலில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. விமலா செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்கு வருவாள். நாலு வயதுப் பெண் குழந்தையும் கூட வரும். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு படப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, தான் எப்போதும் ஒரே புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நோட்டில் எழுதுவாள். பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுவாள். வாசல் மேஜையில் வாசகர் வருகைப் பதிவேடு திறந்தபடி இருக்கும், பேனாவைச் சணலில் கட்டி வைத்திருப்போம். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுதி அழகாகக் கையெழுத்துப் போடுவாள்.

அவள் எடுத்தது ஒரு சட்டப் புத்தகம். வீட்டில் அடிபடுகிற பெண் யாரிடம் போய்ச் சொல்வது, பாதுகாப்புக் கேட்டு எப்படி மனு எழுதுவது, குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள என்ன செய்வது என்று எளிமையாகச் சொல்கிற கன்னடப் புத்தகம். வீட்டில் நாங்கள் தமிழ் பேசினாலும் மனு எழுதுவது கன்னடத்தில்தானே. அட்டையில் இருக்கும் தலைப்பைப் படித்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒருமுறை அவள் முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்ததைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வாசகர் எதை, ஏன் படிக்கிறார் என்று கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அது சரியான விதிதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் குழந்தை இல்லாமல் அவசரமாக வந்தாள்.

“மேடம், இத்த ஒரு வாட்டி வூட்டுக்கு எடுத்துகினு போறேன். பாப்பாவுக்கு ஜுரம், பக்கத்து வூட்ல வுட்டுட்டு ஓடியாந்தேன். இன்னும் ரெண்டு பக்கந்தான் எழுதணும்.”

“பதினஞ்சு நாள்ல கொண்டாந்துடணும்.”

“கொண்டாந்துடுவேன். ஒண்ணே ஒண்ணு மேடம். லேட்டாச்சுன்னா வூட்டுக்கு லெட்டர் கிட்டர் அனுப்பிடாதீங்க.”

“தேதிக்குள்ள வந்துட்டா லெட்டர் எதுக்கு வரப்போகுது?”

“இல்ல மேடம், சொல்லுங்க. அவரு கையில கெடச்சா அவ்ளோதான் நானு.”

“சரிம்மா, வீட்டுக்கு அனுப்பல,” என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். புத்தகத்தைப் புடவைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். நான் அடுத்த வாசகரின் அட்டையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பதினைந்து நாள் போனது. ஒரு மாதமும் போனது. விமலா வரவில்லை. அவளுடைய கணவருக்குப் பெங்களூரில் ஒப்பந்த வேலை முடிந்துபோய், வேறு வேலை கிடைக்கிறவரை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவள் எப்படிக் கிளம்புவாள்? ஒரு வருடமாகச் செவ்வாய், வெள்ளி தவறாமல் வந்தவள் திடீரென்று நின்றுவிட்டாள் என்றால் என்னவோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், இவளும் மற்றவர்களைப் போலத்தான், காரியம் ஆகிறவரை கும்பிடு, அப்புறம் ஆளைக் காணோம் என்பதுதான்.

அந்த நேரத்தில் இருப்புச் சரிபார்ப்பு வந்தது. மேலிடத்திலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு புத்தகமாக எண்ணுவார்கள். என் நூலகத்தில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்பது என் பிடிவாதம். ஒரு சனிக்கிழமை காலை, வராத புத்தகங்களுக்கெல்லாம் நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். விமலாவின் பெயர் வந்தது. அவளுக்குக் கொடுத்த வாக்கு நன்றாக நினைவில் இருந்தது. வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே வீட்டுக்குப் போகிற முதல் இரண்டையும் விட்டுவிட்டு, நேராக மூன்றாவதை எழுதினேன். ஜாமீன்தாரருக்கு, மளிகைக் கடை விலாசத்துக்கு.

முனிராஜு கோலார் பக்கத்துக் கன்னடக்காரன், தமிழ் நன்றாகவே பேசுவான். நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு நின்றான்.

“மேடம், இவங்களுக்கு மொதல் ரெண்டும் போகலையே.”

“வீட்டுக்கு வேணாம்னு சொல்லியிருக்கா. அதான் கடைக்கு.”

“ஹௌது மேடம். ஆனா கடையில ஆளுங்க இருப்பாங்களே?”

“இருக்கட்டுமே. முதலாளி கையில குடுத்துட்டு வா. பெரிய ரகசியமா இது?”

அவன் போனான். நான் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தேநீர் வாங்கிவரச் சொல்லிக் குடித்தேன். வாக்கையும் காப்பாற்றினேன், விதியையும் காப்பாற்றினேன் என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரயிலில் பெங்களூர் போகிறவர்களெல்லாம் அன்றைக்குத்தான் வாரச் சாமான் வாங்குவார்கள். கடையில் நல்ல கூட்டம். விமலாவின் கணவரும் வந்திருக்கிறார். முதலாளி அவரைப் பார்த்ததும் நோட்டீஸை எடுத்து நீட்டி, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். “இன்னாப்பா, உன் வூட்டுக்காரம்மா லைப்ரரி புக்க வெச்சிகினு தரலையாமே. என் பேருக்கு நோட்டீஸ் வந்துகீது, பாரு.” பிறகு புத்தகத்தின் பெயரையும் உரக்கப் படித்திருக்கிறார். படித்த பிறகுதான் அது என்ன புத்தகம் என்று அவருக்கே உறைத்திருக்கிறது. கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்களாம். கணவர் நோட்டீஸை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாங்க வந்த சாமானை வாங்காமலே போய்விட்டார். இதையெல்லாம் அந்த முதலாளியே பிறகு என்னிடம் சொல்லி அழுதார்.

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு அவர் நூலகத்துக்கு வந்தார். நன்றாகத் தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. புத்தகத்தை என் மேஜையில் மெதுவாக வைத்தார்.

“நமஸ்காரம் மேடம். இந்தாங்க உங்க புக்கு. லேட்டாயிடுச்சு, மன்னிச்சிக்குங்க.”

அவ்வளவு மரியாதையாகப் பேசினார். விமலாவின் கணவர் என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

“அவ இங்க எத்தினி நாளா வர்றான்னு தெரியணும். வேற இன்னா இன்னா புக்கு எடுத்தா, யார்கூட பேசினா, அதெல்லாம் தெரியணும். நோட்டு வெச்சிருப்பீங்களே, காட்டுங்க.”

“அதெல்லாம் காட்டறதுக்கில்லைங்க,” என்றேன்.

அவர் என்னோடு பேசிக்கொண்டே வாசல் மேஜைக்குப் போய்விட்டார். வருகைப் பதிவேடு அங்கே திறந்தபடி கிடந்தது. யார் வேண்டுமானாலும் புரட்டலாம், அப்படித்தான் வைத்திருந்தோம். அவர் விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி. பதினொன்று, பன்னிரண்டரை. அழகான அந்தக் கையெழுத்து. “தையல் கிளாஸுக்குப் போறேன்னு சொன்னா,” என்றார். நான் ஓடிப்போய்ப் பதிவேட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

“இது ஆபீஸ் ரெக்கார்டு. நீங்க பாக்கக் கூடாது. வாசகர் விஷயம் வெளிய சொல்ல மாட்டோம்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

“கடையில நாலு பேரு எதிர்ல படிக்க வெச்சீங்க. அப்ப அது ரகசியமா இல்லியா மேடம்?”

நான் பதிவேட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டேன். டே ஷிப்ட் பெரியவர்கள் செய்தித்தாளை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நாளைக்கு மேலிடத்துல எழுதி வாங்கிகினு வர்றேன். அப்ப காட்டித்தானே ஆகணும்,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அப்போது மணி பதினொன்று. அவள் வீடு நூலகத்திலிருந்து பத்து நிமிட நடை. அவர் எங்கே போனார், அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் போய்ப் பார்த்திருக்கலாம். டே ஷிப்ட் பெரியவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தால்கூட எழுந்து வந்திருப்பார்கள். போலீசுக்குப் போன் செய்திருக்கலாம். பெண்களுக்கான உதவி எண் அந்தப் புத்தகத்திலேயே, என் மேஜைமேலேயே, அச்சாகி இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பதிவேட்டைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

அவர் யாரையாவது பிடித்து மேலிடத்தில் எழுதி வாங்கிவிடுவார், காட்டு என்று உத்தரவு வந்தால் நான் காட்டியாக வேண்டும் என்று பயந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வருகைப் பதிவேட்டில் விமலாவின் கையெழுத்து இருந்த பக்கங்களையெல்லாம் கிழித்தேன். புத்தகம் கொடுக்கிற பதிவேட்டிலும் அவள் பெயர் வரும் பக்கத்தைக் கிழித்தேன். நோட்டீஸின் அலுவலக நகலையும் விடவில்லை. ஒரு வருடத்துப் பக்கங்கள், ஆகவே நேரம் பிடித்தது. சாயங்காலம் எல்லாவற்றையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய், வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். முப்பது வருட சர்வீஸில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடக் கிழிக்காதவள், ஒரு பெண்ணுக்காக இதைத் துணிந்து செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை அவர் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை விமலாவும் வரவில்லை. சனிக்கிழமைதான் நான் லைனுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

“பொதங்கெழம காலீல அவள இட்டுகினு பூட்டான் மேடம். பூதிகோட்டை தாண்டி அவன் அண்ணன் நெலத்துல வூடு கீது. அங்கதான் இருக்கணுமாம். கொழந்தய மட்டும் அவன் அம்மாகிட்ட வுட்டுட்டான்.”

“ரொம்ப அடிச்சானா?”

“ஞாயித்துக்கெழமலேர்ந்து சத்தம். அவ நோட்ட கிழிச்சு அடுப்புல போட்டான். செவ்வாக்கெழம அவள உள்ள வெச்சி வெளிய பூட்டிட்டுப் போனான். அவ நாளெல்லாம் ஜன்னல்கிட்டயே நின்னுகினு இருந்தா. யாரோ வருவாங்கன்னு பாத்துகினு இருக்கிற மாரியே இருந்துச்சு.”

“நீங்க யாரும் கதவ ஒடைக்கலையா?”

“நீங்க வந்தீங்களா மேடம்?” என்று கேட்டார் அந்த அம்மா.

அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பூதிகோட்டைக்குப் போய்ப் பார்க்கலாமா என்று யோசித்தேன். போய் என்னவென்று சொல்வது, யார் என்று சொல்வது, நான் போவதால் அவளுக்கு இன்னும் அடி விழுந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். இருப்புச் சரிபார்ப்பு முடியட்டும் என்றும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே மூன்று வாரத்தை ஓட்டினேன். சரிபார்ப்பில் ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை.

நாலாவது வாரம் முனிராஜு காலையில் சைக்கிளை நிறுத்தாமலே உள்ளே வந்தான். விமலாவை நிலத்துக் கிணற்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் இறைக்கப் போனபோது கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அந்த வீட்டார் சொன்னார்களாம். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அன்று நடந்தது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய அக்கா கலா வந்தாள். பெங்களூரில் துணி ஆலையில் தையல் வேலை செய்கிறவள். அதே முகச் சாயல், வாசலில் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் தங்கையின் படமும் சில காகிதங்களும்.

“நீங்கதானே மேடம்? உங்களப்பத்தி சொல்லிகினே இருப்பா. கண்டிப்பான மேடம், ஆனா நல்லவங்கன்னு சொல்வா,” என்றாள்.

அவளை உட்காரவைத்தேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“வழுக்கி வுழலீங்க அவ. எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல கேக்கறாங்க, இதுக்கு முன்னாடி எங்கனா கம்ப்ளெயின்ட் குடுத்தாளா, பயந்துகினு இருந்தான்றதுக்கு எதனா இருக்குதான்னு. லைன்ல யாரும் வாயத் தொறக்க மாட்டேன்றாங்க. போன்ல எங்கிட்ட சொன்னா மேடம். லைப்ரரில ஒரு புக்கு கீதுக்கா, அத்தப் பாத்து மனு எழுதிகினு இருக்கேன், முடிச்சதும் பாப்பாவ இட்டுகினு உங்கிட்ட வந்துடுவேன்னு சொன்னா. அவ வந்த தேதி, கையெழுத்து எல்லாம் உங்ககிட்ட இருக்குமாமே. ஒரு வருஷமா அந்த புக்கத்தான் படிச்சான்னு அதுல தெரியும் இல்ல? அத்த மட்டும் குடுங்க. எனக்கு அது போதும்.”

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டீஸைச் சொன்னேன். கடையில் நடந்ததைச் சொன்னேன். பக்கங்களைக் கிழித்து எரித்ததைச் சொன்னேன். சொல்லும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு கவரை மடியில் வைத்து நீவினாள்.

“மொதல்ல ஊருக்கே சொன்னீங்க,” என்றாள். “அப்புறம் யாருக்குமே சொல்ல முடியாம பண்ணிட்டீங்க.”

நான் அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்ததை எழுதிக் கொடுத்தேன், முனிராஜுவும் எழுதிக் கொடுத்தான். விசாரித்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பதிவேடு எங்கே என்றார். இரண்டு பதிவேட்டையும் மேஜைமேல் வைத்தேன். கிழிந்த ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். “நீங்களே கிழிச்சிட்டு, அதுல என்ன இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. இதை நான் எங்கம்மா கொண்டுபோய் வெக்கறது?” என்றார். நோட்டீஸ் கணவரிடம் போய்விட்டது, அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் முத்திரைகள் இருந்தன, பெயர் எதுவும் இல்லை. விமலாவின் படிவம் இருந்தது, அதிலிருந்து அவள் உறுப்பினர் என்பது மட்டும்தான் தெரிந்தது. அவள் என்ன எடுத்தாள், எத்தனை நாள் வந்தாள் என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே எழுத்துச் சாட்சி என் வெந்நீர் அடுப்பில் போய்விட்டது. விபத்து என்று எழுதி வழக்கை முடித்தார்கள். குழந்தை அப்பாவிடமே இருந்தது. கலா அதற்கும் அலைந்து பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள்.

பதிவேட்டைக் கிழித்ததற்கு எனக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன். அதெல்லாம் ஒரு தண்டனையா? அதன் பிறகு எங்கள் நோட்டீஸில் புத்தகத்தின் பெயர் எழுதுவதை நிறுத்தினேன். ‘நூலகத்தைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள்’ என்று மட்டும் ஜாமீன்தாரருக்குப் போகும். வருகைப் பதிவேட்டை வாசல் மேஜையிலிருந்து என் மேஜைக்கு மாற்றி, பழைய பதிவேடுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இதெல்லாம் யாருக்கும் பெரிதாகத் தெரியாத மாற்றங்கள். முனிராஜு மட்டும் என்னிடம் சாவியை வாங்கும்போது ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொள்வான்.

போன வருடம் நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு பள்ளிக்கூட டீச்சர் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சிறுவர் பிரிவில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்தார். படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றுவிட்டேன். தாயார் பெயர் என்ற இடத்தில் விமலா என்று எழுதி, பக்கத்தில் ‘காலமானார்’ என்று இருந்தது. பாதுகாவலர் கையெழுத்து அப்பாவுடையது. நிமிர்ந்து பார்த்தேன். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. படப் புத்தகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம் அவளுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. “எனக்கு எத்தினி புக்கு குடுப்பீங்க?” என்று கேட்டாள். ஒன்று என்றேன். அட்டையை நானே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது அவள் உங்கள் வாசகி. அந்த நூலகத்துக்கு உங்களில் யாரைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் வளர்ந்து ஒரு நாள் பெரியவர்கள் பக்கத்து அலமாரிக்கு வருவாள். எதை எடுத்தாலும் கேள்வி கேட்காமல் கொடுங்கள், தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள், பூட்டி வையுங்கள். அவள் அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து அந்தப் பதிவேட்டைக் கேட்டால் காட்டாதீர்கள். அதில் ஒரு எழுத்தையும் அழிக்காதீர்கள். அவரை அனுப்பிவிட்டு, நூலகத்தை இழுத்துச் சாத்திவிட்டு, அந்த நிமிடமே அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள்.